ஒதுக்கிவைத்த ராக் பேண்டை மறுபடி கேட்பது எப்படி: ரஷ் குழுவை வைத்து ஒரு வழிகாட்டி

ராக் இசை கேட்கிறவர்கள் நாலு பேர் கூடிய இடத்தில் ரஷ் என்று பேச்செடுத்துப் பாருங்கள். ஒருவர் உற்சாகமாக ஆரம்பித்து ராத்திரி வரை நிறுத்த மாட்டார். இன்னொருவர், "ஐயோ, அந்தக் கீச்சுக்குரலா? ஆளை விடுப்பா" என்று எழுந்துவிடுவார். பரவாயில்லை என்று நடுவில் நிற்பவர்கள் அபூர்வம். எழுந்து போகிற அந்த இரண்டாவது ஆளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒரு பாட்டோ ஒன்றரைப் பாட்டோ கேட்டு 'நமக்கு ஆகாது' என்று மூடி வைத்தவர், இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கலாமா என்று யோசித்தால் எங்கே தொடங்குவது, எதைத் தள்ளிப்போடுவது, எந்த இடத்தில் கைவிடலாம் என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

ஏன் ரஷ்? ஒதுக்கப்படுவதில் இவர்களை மிஞ்ச ஆள் குறைவு. கனடாவில் டொரொண்டோ நகரத்தின் வில்லோடேல் பகுதியில் 1968-ல் பள்ளிப் பையன்கள் தொடங்கிய குழு இது. கெடி லீ பேஸ் கிடாரும் (தாழ்ந்த சுரங்களுக்கான கிடார்) குரலும். அலெக்ஸ் லைஃப்சன் கிடார். 1974-ல் டிரம்மர் நீல் பியர்ட் வந்து சேர்ந்தபின் 2015 வரை இதே மூன்று பேர்தான். மொத்தம் 19 ஸ்டுடியோ ஆல்பங்கள். அரங்கங்கள் நிரம்பின, விமர்சகர்களில் பலர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ராக் கலைஞர்களைக் கௌரவிக்கும் அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் நுழையும் தகுதி 1990களின் கடைசியிலேயே வந்துவிட்டது. உள்ளே விட்டது 2013-ல். அன்றைக்கு லைஃப்சன் தன் ஏற்புரை முழுவதையும் 'ப்ளா ப்ளா ப்ளா' என்ற ஒரே சத்தத்திலேயே, ஏற்ற இறக்கத்தோடும் கையசைவோடும், சில நிமிடம் பேசிவிட்டு இறங்கினார். யூடியூபில் இருக்கிறது. பாட்டுக்கு முன்னால் அதைப் பார்த்துவிடுங்கள். இவர்கள் உர்ரென்று இருக்கிற ஆட்கள் என்ற எண்ணம் பாதி அங்கேயே கழன்றுவிடும்.

முதல் படி: எதை ஒதுக்கினீர்கள் என்று கண்டுபிடியுங்கள்

'எனக்கு ரஷ் பிடிக்காது' என்பது எதையும் சொல்லாத வாக்கியம். ஏன் பிடிக்கவில்லை என்று ஒரே ஒரு வரி எழுதிப் பாருங்கள். மனதுக்குள் சொல்லிக்கொள்வது போதாது, செல்போனிலாவது தட்டிவையுங்கள். நான் கேட்டவரையில் பதில்கள் இந்த ஐந்துக்குள் அடங்கிவிடுகின்றன: குரல் தாங்கவில்லை. பாட்டு நீண்டுகொண்டே போகிறது. வரிகளில் விண்வெளி, பூசாரிகள், தேவதைக் கதை. அரசியல் சரியில்லை என்று எங்கோ படித்தேன். கடைசியாக, பலரும் வாய்விட்டுச் சொல்லாதது: இவர்களின் ரசிகர் ஒருவர் நம்மைப் படுத்திய பாடு.

இந்த ஐந்தாவதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "இதைக் கேட்கவில்லை என்றால் உனக்கு இசையே தெரியாது" என்று தோளில் ஏறி உட்காரும் நண்பர் ஒருவர் எல்லா பேண்டுக்கும் உண்டு. ரஷ்ஷுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. அவர் போட்டுக் காட்டியது பெரும்பாலும் அவருக்குப் பிடித்த இருபது நிமிடப் பாட்டாக இருந்திருக்கும். அப்படியென்றால் நீங்கள் ஒதுக்கியது நண்பரைத்தான், பேண்ட் இன்னும் உங்கள் காதுக்கு வந்து சேரவே இல்லை. இந்த முறை அவரிடம் எதுவும் சொல்லாமல் தனியாகக் கேளுங்கள்.

காரணம் தெரிந்துவிட்டால் வேலை சுலபம். அந்தக் காரணம் இல்லாத இடம் எது என்று தேடி அங்கிருந்து தொடங்க வேண்டும், அவ்வளவுதான். இதற்கு நேர்மாறாக, பிடிக்காத அதே பாட்டைப் பல்லைக் கடித்துக்கொண்டு பத்துத் தடவை கேட்டால் பழகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். பழகலாம். பாகற்காய்கூடப் பழகும். ஆனால் நாற்பது வருடம் இயங்கிய ஒரு பேண்டுக்குள் நாலைந்து பேண்டுகள் இருக்கும்போது, கசப்பான ஓரத்திலிருந்தே கடித்துக்கொண்டு வர வேண்டிய அவசியம் இல்லை.

இரண்டாம் படி: குரலே இல்லாமல் தொடங்குங்கள்

பெரும்பாலோரின் புகார் கெடி லீயின் குரல்தான் என்பதால் அதையே முதலில் கழற்றி வைத்துவிடலாம். 1981-ல் வந்த 'ஒய்-ஒய்-ஸெட்' (YYZ) என்ற பாட்டில் பாடும் குரலே கிடையாது. நாலரை நிமிடத்துக்கும் குறைவு.

டொரொண்டோவில் சொந்தக்காரர்கள் இருக்கிற வீடுகளில் இந்த மூன்று எழுத்தை அடிக்கடி பார்த்திருப்பீர்கள். ஊரிலிருந்து போகும் பெட்டியில் ஏர்லைன்ஸ்காரர்கள் ஒட்டும் சீட்டில் கொட்டை எழுத்தில் இருக்கும். டொரொண்டோ விமான நிலையத்தின் குறியீடு அது. விமானிகளுக்கு வழிகாட்டும் ரேடியோக் கருவி அதே மூன்று எழுத்தை மோர்ஸ் என்ற தந்திக் குறியீட்டு ஒலிகளாக அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த ஒலியின் தாளத்தை அப்படியே எடுத்துப் பாட்டின் முகப்பாக வைத்தார்கள்.

நம்மவர்களுக்கு இதைப் பிடிப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. மோர்ஸில் நீளச் சத்தமும் குட்டைச் சத்தமும்தான். பாட்டில் நீளத்துக்கு இரண்டு மாத்திரை, குட்டைக்கு ஒரு மாத்திரை. அதாவது நெடிலும் குறிலும். 'ஒய்' என்ற எழுத்து நெடில், குறில், நெடில், நெடில். இரண்டாவது 'ஒய்'யும் அதேதான். 'ஸெட்' நெடில், நெடில், குறில், குறில். வாயால் சொல்லிப் பாருங்கள்:

தாம் த தாம் தாம், தாம் த தாம் தாம், தாம் தாம் த த.

கூட்டினால் 7, 7, 6, மொத்தம் 20. முதலில் சின்ன உலோகத் தட்டுகளில் மணிபோல இந்தச் சொற்கட்டு தனியாக ஒலிக்கும். பிறகு மற்ற வாத்தியங்கள் ஒவ்வொன்றாக வந்து அதையே பிடித்துக்கொள்ளும். நீங்கள் கூடவே சொல்லிக்கொண்டு வந்தால் எங்கே சுற்று முடிந்து எங்கே தொடங்குகிறது என்பது சட்டென்று பிடிபடும். மேற்கத்திய ரசிகர்கள் இதைப் பத்துக்கு எட்டு என்று கணக்குப் போட்டு மலைக்கிறார்கள். மிருதங்கக் கச்சேரியில் தனி ஆவர்த்தனத்துக்கு எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்த காதுக்கு இது ஒன்றும் பயமுறுத்துகிற கணக்கு இல்லை.

முகப்பு முடிந்ததும் பேஸும் கிடாரும் சேர்ந்து ஓடும் ஓட்டம் வரும். நடுவில் பேஸும் டிரம்ஸும் மாறி மாறி ஒருவரையொருவர் சீண்டும் பகுதி ஒன்று உண்டு. கேள்வி ஒருவர், பதில் இன்னொருவர். அந்த இடம் உங்களைக் கொஞ்சமும் அசைக்கவில்லை என்றால் ரஷ் உங்களுக்கு வேலைக்கு ஆகாமல் போக நல்ல வாய்ப்பு இருக்கிறது. இவர்களிடம் இருக்கிற முக்கியமான சரக்கே அதுதான்: மூன்று பேர், யாரும் யாருக்கும் பின்னணி வாசிக்காமல் வாசிப்பது.

மூன்றாம் படி: கருவி விஷயம்

செல்போனின் சொந்த ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். இவர்கள் பாட்டை இழுத்துச் செல்வது பெரும்பாலும் பேஸ் கிடார். போன் ஸ்பீக்கரில் அது காணாமல் போய் குரலும் கிடாரின் கிறீச்சும் மட்டும் மிஞ்சும். பிறகு குரல் பிடிக்கவில்லை என்று சொல்லாமல் என்ன செய்வது? சாதாரண வயர் இயர்போன் போதும். ஷஃபிளை அணைத்துவிடுங்கள். சத்தத்தை அளவாக வையுங்கள்.

நான்காம் படி: ஒரே ஒரு ஆல்பம், அதிலும் பாதி

'மூவிங் பிக்சர்ஸ்' என்ற ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1980-ன் கடைசி மாதங்களில் கியூபெக் மாகாணத்தில் மோரின் ஹைட்ஸ் என்ற சிற்றூரின் ஏரிக்கரை ஸ்டுடியோவில் பதிவாகி, 1981 பிப்ரவரியில் வெளிவந்தது. ஏழு பாட்டு, நாற்பது நிமிடம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்க வேண்டாம். எல்பி ரெக்கார்டின் முதல் பக்கத்தில் இருந்த நான்கு பாட்டுகளை மட்டும் வரிசை மாறாமல் கேளுங்கள்: 'டாம் சாயர்', 'ரெட் பார்செட்டா', 'ஒய்-ஒய்-ஸெட்', 'லைம்லைட்'. இருபது நிமிடம்கூட ஆகாது. இந்த நான்குக்குள் பேண்டின் கையிருப்பு முழுவதும் அடக்கம். இன்றைக்கும் இவர்களின் விற்பனையில் முன்னால் நிற்கிற ஆல்பங்களில் இது ஒன்று.

முதல் சுற்றில் பேஸ் கிடாரை மட்டும் பின்தொடருங்கள். வேறு எதையும் கவனிக்க வேண்டாம். குரல் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். வழக்கமான ராக் பாட்டில் பேஸ் தரையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இங்கே அது சுவரேறி, கிடார் இருக்க வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். இதை வாசித்துக்கொண்டே அதே ஆள் பாடுகிறார், அதே ஆள் சிந்தசைசர் என்ற மின்னணுக் கீபோர்டும் வாசிக்கிறார், போதாததற்குக் காலால் பெடல் மிதித்து அடிநாதம் தருகிறார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

அடுத்த சுற்று டிரம்ஸ். 'டாம் சாயர்' பாட்டின் நடுவில் பாடல் நின்று வாத்தியம் மட்டும் ஓடும் இடத்தில் ஏழு எண்ணுங்கள். தகிட தகதிமி என்று சொல்லிக்கொண்டு போகலாம். சில இடத்தில் அவர்களின் பிரிப்பு வேறாக இருக்கும், மொத்தம் ஏழுக்குள் வந்து விழும். நீல் பியர்ட் மேடையிலும் ரெக்கார்டில் வாசித்த அதே உருட்டலை அதே இடத்தில் வாசிக்கிறவர். முன்னேற்பாடு இல்லாமல் தோன்றியபடி வாசிப்பதுதான் உயர்வு என்று நினைப்பவர்களுக்கு இது குறையாகப் படும். எனக்கு அப்படிப் படவில்லை. எழுதி வைத்த கீர்த்தனையை ஒழுங்காகப் பாடுவதும் ஒரு வித்தைதான். அரங்கில் ஆயிரக்கணக்கானவர்கள் வெறுங்கையை வீசி அந்த அடிகளைக் காற்றில் வாசிக்க முடிந்ததும் அதனால்தான். இன்னொரு விஷயம்: உலகமே கொண்டாடிக்கொண்டிருந்த 1990களின் நடுவில் இவர் ஃப்ரெடி க்ரூபர் என்ற வயதான வாத்தியாரிடம் போய், குச்சி பிடிப்பதிலிருந்து மறுபடி கற்றுக்கொண்டார்.

மூன்றாவது சுற்றில் வரிகளைத் திரையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். பெரும்பாலான பாட்டுகளின் வரிகளை எழுதியவரும் பியர்ட்தான். 'லைம்லைட்' புகழைப் பற்றிய பாட்டு. புகழ் வந்தபின் முன்பின் தெரியாதவர்கள் நெருங்கிய நண்பர்களைப் போல ஓடிவந்து கட்டிக்கொள்வதைத் தாங்க முடியாத ஒருவரின் சங்கடம். பியர்ட் கடைசிவரை ரசிகர் சந்திப்புகளைத் தவிர்த்தார்; மற்ற இருவரும் போய் நின்று சிரித்துப் படம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். இதே பாட்டில் லைஃப்சனின் கிடார் தனி வாசிப்பு வரும் இடத்தைத் தவறவிடாதீர்கள். வேகம் காட்டாமல், ஒரு சுரத்தை இழுத்து வளைத்து நிறுத்திவிட்டுப் போகும். இந்தப் பேண்டுக்கு உணர்ச்சியே இல்லை, வெறும் கணக்கு என்று சொல்கிறவர்களிடம் போட்டுக் காட்ட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

சுற்றுக்குச் சுற்று ஓரிரு நாள் இடைவெளி விடுங்கள்.

ஐந்தாம் படி: உங்கள் புகாருக்கு ஏற்ற பாதை

இப்போது முதல் படியில் எழுதிய வரியை எடுங்கள்.

குரல்தான் இன்னும் உறுத்துகிறதா? அது ஏன் அவ்வளவு உச்சத்தில் இருந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. 1978-ல் 'ஹெமிஸ்பியர்ஸ்' ஆல்பத்துக்காக வேல்ஸில் ராக்ஃபீல்ட் ஸ்டுடியோவில் தங்கி இசை முழுவதையும் பதிவு செய்தார்கள். எத்தனை கட்டையில் பாட வேண்டி வரும் என்று யாரும் முன்கூட்டிப் பார்க்கவில்லை. பிறகு லண்டனில் பாடுவதற்கு நின்றபோதுதான் ஸ்ருதி தொண்டைக்கு எட்டாத உயரத்தில் இருப்பது தெரிந்தது. வேறு வழியில்லாமல் கெடி லீ தொண்டை கிழியப் பாடி முடித்தார். அதற்குப் பிறகு பாடும் கட்டையைக் கவனித்தே மெட்டமைத்தார்கள். 1980-ன் 'பெர்மனென்ட் வேவ்ஸ்' ஆல்பத்திலிருந்தே குரல் இறங்கத் தொடங்குவது தெரியும். ஆகவே குரலோடு சண்டை உள்ளவர்கள் பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். 1987-ன் 'டைம் ஸ்டாண்ட் ஸ்டில்' கேளுங்கள். கூடவே ஐமி மேன் என்ற பாடகியின் குரலும் வரும். அடுத்து 2012-ல் வந்த கடைசி ஆல்பத்தின் கடைசிப் பாட்டான 'தி கார்டன்'. வயதான, தணிந்த குரல். பழைய கீச்சை வைத்து முடிவுகட்டியவர்களுக்கு இது அதே ஆளா என்று சந்தேகம் வரும்.

நீளம்தான் பிரச்சினை என்றால் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: 'க்ளோஸர் டு தி ஹார்ட்' மூன்று நிமிடம், 'ஃப்ளை பை நைட்' அதைவிடச் சற்றுக் கூட, 'தி ஸ்பிரிட் ஆஃப் ரேடியோ' ஐந்து நிமிடம். இந்தக் கடைசிப் பாட்டின் தலைப்பு டொரொண்டோ வானொலி நிலையம் ஒன்றின் விளம்பர வாசகத்திலிருந்து வந்தது. முடியும் தறுவாயில் எங்கிருந்தோ ஜமைக்காவின் ரெகே தாளம் வந்து குதிக்கும், திகைக்க வேண்டாம்.

வரிகளில் விண்வெளியும் மாயாஜாலமும் பிடிக்காதவர்கள் 1982 முதலான பாட்டுகளுக்கு வாருங்கள். அந்த வருடத்து 'சப்டிவிஷன்ஸ்' டொரொண்டோ மாதிரியான நகரத்தின் புறநகரில், ஒரே அச்சில் வார்த்த வீடுகளுக்கு நடுவே, எந்தக் கூட்டத்திலும் சேர முடியாமல் வளரும் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றியது. இதில் கிடாரை ஓரங்கட்டிவிட்டு சிந்தசைசர் முன்னால் நிற்கும். லைஃப்சனுக்கே அந்தக் காலகட்டத்தில் இது மனத்தாங்கல்தான். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு டொரொண்டோவின் புறநகரில் குடியேறிய ஈழத்துக் குடும்பங்களில் வளர்ந்தவர்கள் இதைக் கேட்டால் இடத்தையும் ஆட்களையும் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள் என்று நினைக்கிறேன். இதற்குப் பின் 1989-ன் 'தி பாஸ்' கேளுங்கள். தற்கொலையின் விளிம்பில் நிற்கும் ஓர் இளைஞனைப் பற்றியது. அறிவுரை தொனிக்காமல் அதை எழுதியிருப்பதுதான் விசேஷம்.

அரசியல் காரணத்தால் ஒதுக்கியவர்களுக்கு நேரடியான பதில். 1976-ல் வந்த '2112' ஆல்பத்தின் அட்டையில் தனிமனித சுயநலமே உயர்ந்தது என்று வாதிட்ட எழுத்தாளர் அயன் ராண்டுக்கு பியர்ட் நன்றி சொல்லியிருந்தார். 1978-ல் பிரிட்டனின் இசை வார இதழ் ஒன்று அதை வைத்து இவர்களைக் கிட்டத்தட்ட பாசிஸ்டுகள் ஆக்கிவிட்டது. கெடி லீயின் பெற்றோர் போலந்து யூதர்கள். நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிர் தப்பியவர்கள். அந்தக் கட்டுரை அவரை எப்படி அறுத்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அவருடைய அம்மாவை 1945 ஏப்ரலில் பெர்கன்-பெல்சன் முகாமில் பிரிட்டிஷ் படைகள் விடுவித்தன. வெளியே உலகம் என்று ஒன்று இன்னும் இருக்கிறது என்பதையே அப்போது நம்ப முடியவில்லை என்று அம்மா மகனிடம் சொன்னார். உலகம் இருந்திருந்தால் இவ்வளவு நாள் யாராவது வந்திருக்க மாட்டார்களா? அந்தப் பேச்சிலிருந்துதான் 1984-ன் 'ரெட் செக்டர் ஏ' பிறந்தது. பியர்ட் பிற்காலத்தில் ராண்டிடமிருந்து வெகுதூரம் விலகிவிட்டார். 2012-ல் அதை வெளிப்படையாகவே பேசினார். இருபத்துச் சொச்சம் வயதில் படித்த புத்தகத்தை வைத்து ஒருவரை ஆயுள் முழுவதும் எடைபோடலாமா என்பது உங்கள் பாடு. எதை வைத்து எடைபோடுகிறோம் என்பதாவது தெரிந்திருக்க வேண்டும்.

ஆறாம் படி: வாசிக்கிறதைப் பாருங்கள்

சில பேண்டுகளைக் காதால் கேட்டால் போதும். இவர்களைக் கண்ணாலும் பார்க்க வேண்டும், ஏனென்றால் மூன்றே பேர் என்பதை வெறுமனே கேட்கும்போது மனம் ஏற்காது. 2002 நவம்பரில் பிரேசிலில் ரியோ நகரத்தின் மரக்கானா அரங்கத்தில் வாசித்ததை அடுத்த வருடம் வெளியிட்டார்கள். அதில் 'ஒய்-ஒய்-ஸெட்' வரும் இடத்தைத் தேடிப் போடுங்கள். வரிகளே இல்லாத பாட்டு அது. அரங்கம் முழுக்கக் கூடிய ஜனம் பேஸும் கிடாரும் போகிற மெட்டை வாயால் பாடிக்கொண்டு குதிக்கிறது.

மேடையில் கெடி லீக்குப் பின்னாலும் ஒரு கண் வையுங்கள். லைஃப்சன் பக்கம் ஆம்ப்ளிஃபயர்கள் அடுக்கி நிற்கும். லீயின் பேஸ் நேரே ஒலிக் கலவை மேசைக்குப் போய்விடுவதால் அவர் பக்கம் காலி. காலி இடத்தை நிரப்ப அவர் துணி உலர்த்தும் இயந்திரங்களைக் கொண்டுவந்து வைத்தார், உள்ளே துணி சுழன்றுகொண்டிருக்க. பிந்தைய சுற்றுப்பயணம் ஒன்றில் அவற்றுக்குப் பதில் முழுக்கோழி சுழன்று வேகும் கண்ணாடி அடுப்புகள்; கச்சேரி நடுவே சமையல்காரர் உடையில் ஒருவர் வந்து கோழிக்கு நெய் தடவுவது போலத் தடவிவிட்டுப் போவார். உலகத்தின் மிகச் சீரியஸான பேண்ட் என்று இவர்களைக் கேலி செய்தவர்கள் இதையெல்லாம் பார்க்கவில்லை போல.

தள்ளிப்போட வேண்டியவை

1975-ன் 'கரெஸ் ஆஃப் ஸ்டீல்' ஆல்பத்தை இப்போதைக்குத் தொடவே வேண்டாம். வந்த காலத்திலேயே ஓடவில்லை. அதற்கான சுற்றுப்பயணத்துக்கு 'சாக்கடையில் போகும் பயணம்' என்ற பொருளில் அவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். கம்பெனிக்காரர்கள் சின்னதாக, ரேடியோவில் போடுகிற மாதிரி எழுதச் சொன்னார்கள். மூழ்குவதென்றால் நம் வழியிலேயே மூழ்குவோம் என்று இவர்கள் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டாக, இருபது நிமிடத்தில், '2112' எழுதினார்கள். அதுதான் அவர்களைக் காப்பாற்றியது. நண்பர் உங்களிடம் முதலில் போட்டுக் காட்டியது அநேகமாக இதுவாக இருக்கும். மேலே சொன்ன படிகளுக்குப் பிறகு இதற்கு வாருங்கள். எதிர்காலத்தில், பூசாரிகள் ஆளும் உலகத்தில், ஒருவன் பழைய கிடார் ஒன்றைக் கண்டெடுத்து வாசித்துக் காட்டுகிறான்; அவர்கள் அதை வேண்டாத சாமான் என்று நொறுக்குகிறார்கள். தோல்வியடைந்த ஆல்பத்தோடு நின்ற மூன்று பையன்கள் எழுதியது என்று தெரிந்து கேட்டால் கதை அவ்வளவு சிறுபிள்ளைத்தனமாகத் தெரியாது.

'வேப்பர் ட்ரெயில்ஸ்' விஷயம் வேறு. 1997 ஆகஸ்டில் பியர்டின் ஒரே மகள் கார் விபத்தில் இறந்தாள்; பத்து மாதத்தில் மனைவி புற்றுநோயில் போனார். பியர்ட் இசையை விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் வட அமெரிக்கா முழுக்க 88,000 கிலோமீட்டர் சுற்றினார். மற்ற இருவரும் அவரை அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்கள். அவர் திரும்பி வந்து 2002-ல் செய்த ஆல்பம் இது. பாட்டுகள் நல்லவை, ஒலிப்பதிவு நாசம். எல்லாவற்றையும் உச்ச சத்தத்துக்கு ஏற்றி அமுக்கியதில் ஒலி உடைந்து காதைக் குடையும். பல வருடப் புகாருக்குப் பின் 2013-ல் முழுக்க ரீமிக்ஸ் செய்து வெளியிட்டார்கள். ஸ்ட்ரீமிங் செயலியில் இரண்டும் இருந்தால் ரீமிக்ஸ் என்று போட்டிருப்பதை எடுங்கள். பழைய பதிப்பைக் கேட்டுத் தலைவலி வந்து இந்தப் பேண்டை விட்டவர்கள் இருந்தால் தவறு அவர்கள் காதில் இல்லை.

எப்போது விடலாம்

'மூவிங் பிக்சர்ஸ்' முதல் பக்கம் மூன்று சுற்று, உங்கள் புகாருக்கு ஏற்ற இரண்டு பாட்டு, ரியோ வீடியோ ஒன்று. இதற்கு மேல் கடன்பட்டவர்போல உட்கார்ந்திருக்க வேண்டாம். பிடிக்கவில்லை என்றால் மூடிவிடுங்கள். ஆனால் இப்போது உங்களால் 'வாசிப்பு பிரமாதம், மெட்டு மனதில் தங்கவில்லை' என்றோ, 'எண்பதுகளின் சிந்தசைசர் சத்தம் எனக்கு ஒத்துவரவில்லை' என்றோ சொல்ல முடியும். ரஷ் ரசிகரே அதைக் கேட்டுத் தலையாட்டுவார். ஒரே ஒரு பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற பதினெட்டு ஆல்பத்தை விடுகிறவர்களும் உண்டு, அதுவும் சரிதான்.

பிடித்துப்போனால் வரிசையாகப் போக வேண்டிய அவசியம் இல்லை. 1977-லிருந்து 1982 வரையிலான ஐந்து ஆல்பங்களை முதலில் முடித்துவிட்டு இரண்டு பக்கமும் பரவுங்கள். பியர்ட் 2020 ஜனவரி 7 அன்று மூளைப் புற்றுநோயால் காலமானார். அதோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்திருக்க, லீயும் லைஃப்சனும் ஜெர்மனியைச் சேர்ந்த அனிகா நிலஸ் என்ற டிரம்மரோடு 2026-ல் சுற்றுப்பயணம் போவதாக 2025-ல் அறிவித்தார்கள்.

இதே முறையை வேறு பேண்டுக்கும் வைத்துப் பார்க்கலாம், புகாரை மட்டும் சரியாகப் பிடிக்க வேண்டும். பீ ஜீஸ் என்றால் டிஸ்கோவும் உச்சக் குரலும்தான் என்று ஒதுக்கியவர்கள் 1967-ன் 'டு லவ் சம்படி'யிலிருந்து தொடங்குங்கள்; அங்கே டிஸ்கோவும் இல்லை, அந்தக் குரலும் இல்லை. ரேடியோஹெட் கதை இரண்டு வகை. 'க்ரீப்' பாட்டின் அழுமூஞ்சித்தனம் பிடிக்காமல் விட்டவர்களுக்கு 2007-ன் 'இன் ரெயின்போஸ்' சரியாக வரும். 2000-ல் வந்த 'கிட் ஏ' புரியாமல் விட்டவர்கள் அதைத் தொட வேண்டாம்; ஐந்து வருடம் பின்னே போய் 'தி பெண்ட்ஸ்' கேளுங்கள், கிடாரும் மெட்டும் பழகிய மாதிரியே இருக்கும்.